இரட்டைப் பெட்டிக்காரர்

மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் அவரைக் ‘கரண்ட்’ என்றுதான் அழைப்பார்கள். குழல்விளக்கு கண்சிமிட்டினாலும், மின்விசிறி முனகினாலும், மூன்றாம் மாடியின் வெந்நீர்க் கொதிகலன் கோபித்துக்கொண்டாலும், “கரண்டைக் கூப்பிடு” என்பதே அங்கு வழக்கம். இடுப்பில் திருப்புளியும் சட்டைப்பையில் டெஸ்டருமாக அவர் நடந்து வந்தால், பாதிக் கோளாறு பயத்திலேயே சரியாகிவிடும் என்று செவிலியர்கள் கேலி செய்வார்கள்.

ஆனால், அவருடைய உயிர் அந்த வேலையில் இல்லை; நான்கு தடித்த கம்பிகளில் இருந்தது. வாரக்கடைசிகளில், விருந்துகளிலும் ஆண்டு விழாக்களிலும் பாடும் ஒரு சிறிய குழுவில் அவர் பேஸ் கிட்டார் வாசித்து வந்தார். பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த குரலில் கனமாக முழங்கும் விசித்திரமான வாத்தியம். இருக்கும்போது ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாதபோது மட்டும் பாட்டுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று தோன்றும். கவனிக்கப்படாமல் இருப்பது அவருக்கும் பிடித்தே இருந்தது. பாடகி கைதட்டல் வாங்கும்போது, பின்வரிசையில் நின்றபடி அதில் தமக்குரிய பங்கை மனத்துக்குள் பிரித்து எடுத்துக்கொள்வார்.

அந்தப் பங்குக்குத்தான் ஆபத்து வந்தது. குழுவின் தலைவி அந்தப் பாடகியேதான். பகலில் துணிக்கடையில் காசாளராக இருப்பவர். ஒரு நாள் ஒத்திகை முடிந்து எல்லாரும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் இவரருகே வந்து நின்றார்.

“அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. போன நிகழ்ச்சியில நீங்க வாசிச்சது எனக்கே கேக்கல. நான் உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“ஹால் பெருசும்மா. என் ஆம்ப் சின்னது.”

“அடுத்தது அதைவிடப் பெருசு. கீபோர்டுல தம்பியோட இடது கையிலயே அந்த பேஸ் எல்லாம் வந்துடுது. வேன்லயும் ஒரு ஆள் இடம் மிச்சம்.” தலைவி சற்றுத் தயங்கினார். “சனிக்கிழமை மத்தியானம் ஹாலைத் திறந்துவிடச் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு தடவை, தம்பி ஒரு தடவை, அதே பாட்டு. நான் நடுவுல நின்னு கேப்பேன். எது நல்லா கேக்குதோ, அது.”

அந்தத் ‘தம்பி’ வேறு யாருமல்லர். கீபோர்டு வாசிப்பவர், இவருடைய மனைவியின் உடன்பிறந்த தம்பி. இவரே கையைப் பிடித்துக் குழுவுக்கு அழைத்து வந்த மைத்துனர். அவர் அப்போது தம் ஒயரை மிகுந்த கவனத்தோடு சுருட்டிக்கொண்டிருந்தார். முன்பே சுருட்டி முடித்த ஒயர் அது.

ஒலியைப் பெருக்கும் சின்ன ஆம்ப் ஒன்று போதவில்லையென்றால் இரண்டு ஆம்ப் வைத்துக்கொண்டால் போயிற்று என்று இவர் முடிவு செய்தார். மூடப்பட்ட ஒரு நடன அரங்கிலிருந்து விலைக்கு வந்த பொருள்களுக்கிடையே பழைய ஆம்ப் ஒன்றும், அதற்குரிய தனி ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் கிடைத்தன. ஆம்ப் நன்றாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர்தான் கிழிந்திருந்தது. புதிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் பொருத்தி, பெட்டியின் பின்புறத்து இரண்டு திருகுகளிலிருந்து வரும் ஒயர்களைத் தாமே பற்றவைத்தார். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுள் ஒன்றன் அருகே சிறிய சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் யாரோ பெயிண்டைச் சிந்தியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் பல்புக்கும் மின்விசிறிக்கும் ஒயர் கொடுத்தவர் அவர். எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று எந்த பல்பும் அவரைக் கேட்டதில்லை. மாற்றிக் கொடுத்தாலும் எரிந்தது.

வீட்டு முன்னறையில் அவருடைய சின்ன ஆம்ப் பெட்டியும் வாங்கிவந்த பெட்டியும் அருகருகே அமர்ந்தன. கிட்டாரிலிருந்து வரும் ஒயர் ஒன்றாக வந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் போட்டவுடன் அறை முழுவதும் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்தது.

“என்னங்க, வீட்டுக்குள்ள வண்டு எதுவும் வந்துடுச்சா?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டார்.

“வண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டும் வேற வேற பிளக்ல இருக்கு, அதான். கரண்ட் விஷயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.”

உண்மையாகவே எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆம்ப்களையும் ஒரே சுவிட்சுப் பலகையில் செருகியதும், இரைச்சல் வாயை மூடிக்கொண்டது. அவர் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு முன்பிருந்த தம் பெட்டியை மட்டும் போட்டு வாசித்தார். சமையலறை அலமாரியில் தட்டுகள் சிணுங்கின. அதை அணைத்துவிட்டுப் புதிய பெட்டியை மட்டும் போட்டார். தட்டுகளோடு தம்ளர்களும் சேர்ந்துகொண்டன. முகமெல்லாம் பல்லாக இரண்டையும் ஒன்றாகப் போட்டார்.

பேஸ் காணாமல் போயிற்று.

கம்பியில் விரல் படும் ‘டக் டக்’ ஒலி மட்டும், தகர டப்பாவில் பட்டாணி விழுவதுபோலக் கேட்டது. கனம் முழுவதும் யாரோ துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டிருந்தது. ஒலியளவைக் கூட்டினார், டக்டக் கூடியது. ஒரு பெட்டியை அணைத்தார். கனம் ஓடி வந்தது. மறுபடி போட்டார், ஓடிப்போயிற்று. காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டால் அதில் இருக்கிறது. அடுத்த பெட்டியில் ஒட்டவைத்தால் அதிலும் இருக்கிறது. எழுந்து நின்றால் எதிலும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு அம்மாள் நின்றிருந்தார்.

“தம்பி, ஒரு பெட்டி போட்டா என் கட்டில் ஆடுது.”

“மன்னிச்சுக்கோங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல…”

“இருங்க, நான் குறை சொல்ல வரல. இப்ப ரெண்டு போட்டீங்களே, சத்தமே இல்ல. நிம்மதியா இருந்துச்சு. இனிமே எப்பவும் ரெண்டையுமே போட்டு வாசிங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். உலகத்தில் சத்தத்தைக் குறைப்பதற்காக இரண்டாவது ஆம்ப் வாங்கியவர் தாம் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அதன்பின் வந்த நாள்களில் அவர் எதைத்தான் மாற்றவில்லை! இந்த ஆம்ப்பை அந்தப் பக்கம் வைத்தார். கிட்டார் ஒயரை மாற்றினார். பிரிக்கும் ஒயரை மாற்றினார். பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினார், சுவரிலிருந்து இழுத்தார், ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார். தனித்தனியாக வைத்தால் இரண்டும் சிங்கங்கள்; சேர்த்துவைத்தால் இரண்டும் பூனைகள்.

“ரெண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லபோல,” என்றார் மனைவி, பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு தரையைத் துடைத்தபடி.

“விளையாடாதே. சனிக்கிழமை உன் தம்பி இடது கையைத் தூக்கிட்டு வந்து நிப்பான்.”

“அவன்மேல ஏன் பாயறீங்க? அவனா கேட்டான்?”

“வேண்டாம்னும் சொல்லலையே!”

மனைவி துணியைப் பிழிந்தார். கணவருக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்பவருக்குத் தரை துடைப்பதைவிடப் பாதுகாப்பான வேலை வேறில்லை.

கடைசியில், கோளாறு பெட்டியில் இல்லை, தம் காதில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மருத்துவமனையிலேயே செவித்திறன் சோதிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். அவருடைய அறையில் விளக்கு மாற்றப் போன சாக்கில், கண்ணாடிக் கூண்டுக்குள் தாமே போய் உட்கார்ந்துகொண்டார். மிகத் தாழ்ந்த ஒலிகளையெல்லாம் சரியாகக் கேட்டுக் கையைத் தூக்கினார்.

“காது அருமையா இருக்கு அண்ணே,” என்றார் அந்தப் பெண்மணி. “என்ன பிரச்சினை?”

“ஒண்ணு வச்சா கேக்குது. ரெண்டு வச்சா கேக்கல.”

“ஒரு காது, ரெண்டு காதா?”

“பெட்டிம்மா. பெட்டி.”

அவர் பேனாவை எடுத்து, “வேற டாக்டருக்கு எழுதித் தரவா?” என்று கனிவோடு கேட்டார்.

சனிக்கிழமை வந்துவிட்டது. மடக்கு நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்த காலி மண்டபத்தில், அவர் இரண்டு பெட்டிகளையும் மேடைக்கு ஏற்றினார். ஒன்றை மட்டும் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் ஒன்று போதாது என்பதைத்தான் தலைவி போன நிகழ்ச்சியை வைத்தே சொல்லிவிட்டாரே. பெரிய இடத்தில் இரண்டும் மூச்சு விட வழி கிடைத்துச் சேர்ந்துகொள்ளும் என்று, தமக்கே நம்பிக்கையில்லாத ஒரு நம்பிக்கையோடு வந்திருந்தார்.

முதலில் மைத்துனர் வாசித்தார். இடது கை ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வலது கை எங்கே போகிறது என்று அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. தலைவி மண்டபத்தின் நடுவில் நின்று தலையசைத்தார். பிறகு இவர் இரண்டு ஆம்ப்களையும் போட்டார். டிரம்ஸ்காரர் தாளம் கொடுத்தார். பாட்டின் முதல் பகுதி முழுவதும் போயிற்று.

“அண்ணே,” என்று தலைவி நடுவிலிருந்து கூப்பிட்டார், “ஆரம்பிக்கலாமே.”

“வாசிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்.”

டிரம்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவி சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “சரிண்ணே…” என்று ஏதோ தொடங்கினார். அந்தச் ‘சரி’க்குப் பின்னால் என்ன வரும் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. தோளிலிருந்து கிட்டாரின் பட்டையைக் கழற்றப் போனார்.

“மாமா, கழட்டாதீங்க. அந்தத் தடிக் கம்பியை மட்டும் ஒரு தட்டுத் தட்டுங்க.”

மைத்துனர்தான். கீபோர்டை விட்டுவிட்டு வந்து, பெட்டிகளுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பெட்டிகளிலும் முன்துணி இல்லை; ஸ்பீக்கர்களின் கறுப்பு முகங்கள் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றின்மீதும் ஒரு கையை மெல்ல வைத்திருந்தார்.

இவர் தட்டினார்.

“இன்னொரு தட்டு… மாமா, இது தள்ளுது. அது இழுக்குது.”

“என்ன உளர்றே?”

“ஒண்ணு மூச்சை வெளியே விடுது, அதே நேரம் இன்னொண்ணு உள்ளே இழுத்துக்குது. அப்புறம் நடுவுல நிக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்? ஒரு பெட்டியோட ஒயரை மட்டும் திருப்பிப் போடுங்க.”

“ஒயர் போட்டது நான்,” என்றார் இவர். குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. “ஒயரை எப்படிப் போட்டா என்ன? எந்தப் பக்கம் போட்டாலும் பல்பு எரியும்.”

“இது பல்பு இல்லையே மாமா.”

எளிய வாக்கியம்தான், ஆனால் அது அவருக்குள் இறங்க நேரமாயிற்று. பெட்டிகள் தனித்தனியே நன்றாகத்தானே பாடின? தவறான ஒயர் எப்படி நன்றாகப் பாடும்? தனியாக இருக்கும்போது தள்ளினால் என்ன, இழுத்தால் என்ன, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் இன்னொன்று வந்து உட்காரும்போதுதான் திசை என்று ஒன்று பிறக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அந்த நிமிடத்தில் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது வேறொன்று: தம் இடத்தில் உட்காரப் போகிறவன், தம்மை எல்லார் முன்னிலையிலும் திருப்புளியை எடுக்கச் சொல்கிறான். நல்லதற்கா, கெட்டதற்கா? திருப்பிப் போட்டு ஆம்ப் புகைந்துவிட்டால்? ஒயர் விஷயத்திலும் இவருக்குக் கைவராது என்று ஊர் சொல்வதற்கா?

அவர் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கள்ளமும் தெரியவில்லை, கருணையும் தெரியவில்லை. வியர்வைதான் தெரிந்தது.

இரண்டு ஆம்ப்களையும் அணைத்தார். புதிய பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். இரண்டு திருகுகளையும் தளர்த்தி, இடப்பக்க ஒயரை வலப்பக்கத்திலும் வலப்பக்க ஒயரை இடப்பக்கத்திலும் மாட்டி இறுக்கினார். அந்தச் சிவப்புப் புள்ளி சிந்திய பெயிண்டாக இல்லாமல், ஒயரின் பக்கத்தைக் காட்டும் குறியாக இருந்திருக்குமோ? எழுந்து வந்து போட்டார். தடித்த கம்பியைத் தட்டினார்.

சுவரோரத்து மடக்கு நாற்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கலகலத்தன. டிரம்ஸ்காரரின் வெண்கலத் தட்டு ஒன்று தானாகவே முனகியது. மேடைப் பலகை வழியே ஏதோ ஒன்று அவருடைய உள்ளங்காலில் ஏறி, முழங்காலைக் கடந்து நெஞ்சுக்கு வந்தது. நடுவில் நின்றிருந்த தலைவி, யாரோ தோளைத் தொட்டதுபோல் திடுக்கிட்டுத் தம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“அம்மாடி! அண்ணே, இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்தீங்க?”

அவர் அந்தக் கம்பியை மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். பாட்டை முதலிலிருந்து வாசித்தார்கள். முடிந்ததும் தலைவி மேடையருகே வந்தார்.

“அண்ணே, நீங்க இருங்க. தம்பி, உன் இடது கைக்கு ஓய்வு குடு.” பிறகு சற்றே தயங்கிச் சேர்த்தார்: “வேன்ல இடம்தான் யோசிக்கணும். ஆளும் குறையல, பெட்டி ஒண்ணு கூடிப்போச்சு.”

திரும்பும்போது வேனின் பின்னிருக்கையில், பெட்டிகளுக்கு நடுவே மாமனும் மைத்துனரும் நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று. முழங்காலை வைத்துக்கொள்ள இடமில்லை.

“நீ பேசாம இருந்திருக்கலாம்,” என்றார் இவர்.

“இருந்திருக்கலாம் மாமா.”

“அப்புறம் ஏன் சொன்னே?”

மைத்துனர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். “தெரியல. கையை வச்சுப் பார்த்தேன். தள்ளுச்சு, இழுத்துச்சு. வாய் தானா சொல்லிடுச்சு.” பிறகு இடது கையை நீட்டி விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டார். “சொல்லாம இருந்திருந்தா அக்கா என்னைச் சும்மா விட்டிருப்பாளா?”

அது வேடிக்கையா, உண்மையா என்று இவருக்குத் தெரியவில்லை. சிரிப்பதா, நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்றும் தெரியவில்லை. வேன் ஒரு வளைவில் திரும்பியது. இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சரிந்தன. ஆளுக்கொன்றாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“உன் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி மாப்பிள்ளை,” என்றார் இவர்.