கோலுக்குப் போன மீசை

இன்னிக்குக் காலையில பிரிக்பீல்ட்ஸ் சவரக்கடையில முகம் நிறைய சோப்பு நுரையோட உட்கார்ந்திருந்தேன்.

கடைக்கார அண்ணன் நேத்து நடந்த கால்பந்து ஆட்டத்தைச் சொல்லிக்கிட்டே சவரம் பண்ணார். அத்தனையும் பேப்பர்ல நான் எழுதினது. எழுதினவன் நான்தான்னு அவருக்குத் தெரியாது.

"மேட்ச் பார்க்கப் போனீங்களாண்ணே?"

"இல்லை லா, பேப்பர்ல படிச்சதுதான். படிக்கும்போதே திடல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

வெள்ளைக்காரங்க டீமுக்கு எதிரா நம்ம ஆளுங்க போட்ட கடைசி கோல் அவர் பேச்சுல வந்துச்சு. கத்தியோட அவர் கையும் பறந்துச்சு. என் மீசையில பாதி போச்சு.

"ஐயோ, மீதியையும் எடுத்துடவா தம்பி?"

"வேணாண்ணே, இருக்கட்டும்."

என் எழுத்துல உயிரே இல்லைன்னு சொல்ற எங்க பத்திரிகை ஆசிரியர் முன்னால இப்படியே போய் நிக்கப் போறேன்.

என் செய்தியைப் படிச்ச மத்தவங்க மீசையெல்லாம் பத்திரமா இருக்கா?