சித்தப்பாவுக்குப் பிடிக்காத ஒரே படம்

என் சித்தப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் வேலை. வாரம் தவறாமல் ஒரு படம் பார்ப்பார். பார்த்த படமெல்லாம் அவருக்கு நல்ல படம்தான்.

தேநீர் இடைவேளையில் அவருக்கும் டயர் மாற்றுகிறவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்கவே பணிமனையில் ஒரு கூட்டம் சேரும்.

"கதைன்னு ஒண்ணு இருந்துதா அதுல?" என்று ஆரம்பிப்பார் டயர்க்காரர்.

"கதை கிடக்குது. அந்த மலைப் பாதையைக் காட்டினான் பாரு, கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!"

"அந்தப் பையனுக்கு நடிக்கவே வரலையேப்பா."

"புதுப் பையன். அடுத்த படத்துல நடிச்சுட்டுப் போறான்."

"ரெண்டாம் பாதியில நான் தூங்கிட்டேன்."

"நானும்தான். என்னா தூக்கம்! வீட்ல அப்படி வருமா?"

இப்படிப் பேசிப் பேசியே அவருக்கு 'நல்லபடம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒலிபெருக்கியில் மேலாளரே, "நல்லபடம், மூணாம் குழிக்கு வாங்க" என்றுதான் கூப்பிடுவார். குழி என்றால் பேருந்தின் அடிவயிற்றைப் பார்ப்பதற்காகத் தரையில் வெட்டியிருக்கும் பள்ளம். சித்தப்பாவின் பகல் பொழுதெல்லாம் அதற்குள்தான்.

சித்தி நேர் எதிர். மருந்துக்கடையில் வேலை பார்த்ததாலோ என்னவோ, எதை நீட்டினாலும் முதலில் காலாவதித் தேதியைப் பார்க்கிற கண் அவளுக்கு. படத்தில் பெயர் ஓடும்போதே உச்சுக் கொட்ட ஆரம்பித்துவிடுவாள். "இவ எதுக்கு இப்ப ஓடறா? விஷயத்தைச் சொல்லிட்டு ஓடினா கால் வலிக்குமா?" என்பாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தால் அவர்களிடமும் நியாயம் கேட்பாள். ஆனால் சித்தப்பா படத்துக்குக் கிளம்பினால் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவர் தூக்குவார், ஒருத்தி போட்டு மிதிப்பாள். வீடு வந்துதான் ஓயும்.

இந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பெண், என் தங்கை. கல்லூரி முடிக்கும்போது படத்தொகுப்புப் படிக்கப் போகிறேன் என்றாள். அந்தப் படிப்பில் சேர வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். இருப்பது கொஞ்சம் இடம், மோதுவது பெருங்கூட்டம். திங்கட்கிழமை கடைசி நாள்.

நான் விடுப்பில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது. சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

"உன் சிநேகிதங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சூப்பர்னாங்க. அது கைமாத்து மாதிரி அண்ணா. அவங்க படத்தை நான் சூப்பர்னேன், இப்பத் திருப்பித் தர்றாங்க." குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல கேக்கலாம்னா, அம்மாவுக்கு எதுவும் பிடிக்காது. அப்பாவுக்கு எல்லாமே பிடிக்கும். இந்த ரெண்டையும் வெச்சு நான் என்ன பண்றது? நீயாவது உண்மையைச் சொல்லு."

"எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாமே" என்று நழுவினேன்.

நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். படம் ஓடியது. ஒரு பேருந்து மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்கிறான். தூங்கும் மகளின் காலணியைத் துடைத்து வைக்கிறான். குழிக்குள்ளிருந்து அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான். பின்னால் வயலின் அழுதுகொண்டே இருக்கிறது. கடைசியில் இருமிவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து தன் உள்ளங்கையைப் பார்க்கிறான். அவ்வளவுதான். மெக்கானிக்காக நடித்தவர் அவள் தோழியின் மாமா. கணக்காளர். ஒட்டிய கன்னம், பிறந்ததிலிருந்தே எதையோ பறிகொடுத்தவர் மாதிரி ஒரு பார்வை.

படம் முடிந்ததும் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருக்குடி" என்றாள்.

தங்கை வெலவெலத்துப் போய் என்னைப் பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லா வந்திருக்கு" என்றேன் நான்.

"வெளிச்சமா? வெளிச்சத்தையா அண்ணா கேட்டேன்?"

மூவரும் சித்தப்பா பக்கம் திரும்பினோம். அவர் வாயிலிருந்து என்ன வருமென்று ஊருக்கே தெரியும். அவர் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"யாரு அந்த ஆளு?"

"நீங்கதாம்பா."

"நானா?" கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தரம் போடு."

இரண்டாம் முறையும் இமைக்காமல் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பிடிக்கல" என்றார்.

"உடம்புக்கு ஏதும் பண்ணுதா உங்களுக்கு?" என்று சித்தி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுப்பா பிடிக்கல?" தங்கை கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஆளைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு. என்னைப் பார்த்தா உனக்கு அப்படியா தோணுது?"

"உங்க கஷ்டத்தைக் காட்டணும்னுதாம்பா..."

"காட்டேன். யார் வேணாம்னா? குழிக்குள்ள நின்னா முதுகு போயிடும். அதைக் காட்டு. அதுக்காக நான் வானத்தைப் பார்த்துட்டா நின்னேன்? டயர்க்காரன் ஏதாவது உளறுவான், சிரிச்ச சிரிப்புல சுத்தியலைக் கால்ல போட்டுக்குவேன். நான் பிரேக் பார்த்த வண்டி ஊர் பூரா ஓடுது, நிக்கச் சொன்ன இடத்துல நிக்குது. எனக்கென்ன குறை? உன் படத்துல வர்ற ஆளு பிரேக் பார்த்தா அந்த வண்டியில நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "கண்ட குப்பையெல்லாம் நல்ல படம்! பெத்த பொண்ணு எடுத்தது மட்டும் பிடிக்கலையா?" எழுந்து போய் அறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

"வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்ல. ஆரம்பிக்கறதுக்கு இவ படம்தான் கிடைச்சுதா?" என்று சித்தி பொரிந்தாள். "நாளை விட்டா மறுநாள் அனுப்பணும். பிள்ளை தைரியமே போயிடுச்சு."

சித்தப்பா கதவருகில் போய் நின்றார். தட்டவில்லை.

"இத பாரு. அந்தப் படமெல்லாம் எடுத்தவன் எவனும் என்கிட்ட வந்து எப்படி இருக்குன்னு கேக்கல. அதனால நான் பாட்டுக்குச் சந்தோஷமா பார்த்துட்டு வந்தேன். நீ கேட்டே. கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

சித்தப்பா அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது.

"நாளைக்கு டிப்போவுல யார் இருப்பாங்க?"

"டயர்க்காரனுக்கு டியூட்டி. நானும் வரேன். அந்த ஆளை மட்டும் கூட்டிட்டு வராதே."

"அவர் இல்லாம எப்படிப்பா? மத்தக் காட்சியெல்லாம் அவர் முகம்தானே?"

"அப்ப சிரிக்கச் சொல்லு."

"அவருக்குச் சிரிக்க வராது. அதுக்காகத்தான் அவரைப் பிடிச்சேன்."

மறுநாள் கணக்காளர் வந்தார். சித்தப்பாவின் நீலச் சட்டைக்குள் அவர் உடம்பு தனியே ஆடியது. குழியின் விளிம்பில் உட்கார்த்தி வைத்து, கையில் தேநீரைக் கொடுத்து, "சிரிங்க மாமா" என்றாள் தங்கை. அவர் பல்லைக் காட்டினார். பல்வலிக்காரர் மருத்துவரிடம் காட்டுவது போல இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். தேறவில்லை.

அலுத்துப்போன டயர்க்காரர் சித்தப்பா பக்கம் திரும்பி, போன வாரப் படத்தை இழுத்தார். "அதையும் நல்ல படம்னு சொல்லு, உன்னை டயரோட சேர்த்து உருட்டி விடறேன்."

"ஏன், அந்தப் படகுச் சண்டைக்கு என்ன குறைச்சல்?"

"படகா அது? தொட்டியில மிதக்கற சோப்பு டப்பா!"

"இல்லீங்க" என்று நடுவில் ஒரு குரல். கணக்காளர்! "படகு கூடப் பரவாயில்லை. வில்லன் செத்து விழுந்தான் இல்ல? விழுந்தவன் மூக்கைச் சொறிஞ்சான். நான் பார்த்தேன்."

"செத்தா அரிக்காதா?" என்றார் சித்தப்பா.

கணக்காளர் தேநீரை வாயில் வைத்திருந்தார். அது மூக்கு வழியாக வந்தது. இருமிக்கொண்டே சிரித்தார், கண்ணில் நீர் வழிய, டயர்க்காரரின் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். அவருக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. தங்கை மூச்சுக் காட்டாமல் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து வெட்டினாள். வானம் போனது. இருமல் போனது. காலணி துடைப்பதை விட்டுவைத்தாள். வயலினை அடியோடு எடுத்தாள்.

"அதுலதாண்டி எனக்கு அழுகையே வந்துது!" என்றாள் சித்தி, பின்னால் நின்றபடி.

"தெரியும்மா."

"உன் இஷ்டம். அந்தச் சிரிப்பும் ரொம்ப நீளம்."

தங்கை திரும்பவே இல்லை. இன்னொரு முறை முழுதாக ஓட்டிப் பார்த்தாள், யாரையும் கேட்காமல் அனுப்பினாள். பிற்பாடு அந்தப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு அனுப்பி முடித்ததும் அவள் நிதானமாகச் சோம்பல் முறித்தாள்.

சித்தப்பா அடுக்களையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பிட்டேம்பா. பார்க்கறீங்களா?"

"அனுப்பிட்டே இல்ல? அப்ப என்ன அவசரம்" என்றார், கரண்டியால் முட்டையைப் புரட்டிக்கொண்டே. "சாப்பிட்டுட்டு சாவகாசமா பார்க்கலாம், வா."