ஸ்லேட்டு குடித்த தண்ணீர்

1940களில் பி.டி. என்ற ஆசிரியர் பட்டத்துக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்: வருஷம் முழுக்க மனோதத்துவத்தை உருப்போட்டாலும், கடைசியில் ஒரு வகுப்பை நடத்திக் காட்டினால்தான் தேர்ச்சி. எனக்கு வாய்த்தது மயிலாப்பூரில் ஓர் ஐந்தாம் வகுப்பு. நீர் ஆவியாகும் பாடம். பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் அதே பாடம், அதே பிள்ளைகள். ஒத்திகையின்போது நான் ஸ்லேட்டை ஈரத்துணியால் துடைக்கும் முன்பே, "ஆவியாப் போயிடும் சார்" என்று கொட்டாவி விட்டாள் பிலோமினா என்ற பெண்.

பரீட்சையன்று பரீட்சகர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். அதுதான் ஆபத்து. தவறான விடையைத் திருத்திக் காட்டுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு. திருத்த ஒரு தவறுகூடக் கிடைக்கவில்லை. மணியடிக்கும் நேரம். காய்ந்த ஸ்லேட்டைக் காட்டி, "தண்ணீர் எங்கே போச்சு?" என்றேன்.

பிலோமினா எழுந்தாள். "ஸ்லேட்டு குடிச்சிட்டுது சார்."

வகுப்பே சிரித்தது. நான் என் மூக்குக்கண்ணாடியை நனைத்து அவளிடம் கொடுத்தேன். அது காய்ந்ததும், "கண்ணாடியும் குடிச்சுதா?" என்றேன்.

"இல்ல சார், காத்தோட பூட்டுது."

பரீட்சகர் பேனாவைத் திறந்தார்.

பிறகு தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, "தெரிஞ்சும் ஏன் தப்பாச் சொன்னே?" என்று கேட்டேன்.

"போன தபா வந்த சாருக்கு எல்லாம் கரெக்டாச் சொல்லிட்டோம். பாவம், அழுதுகினே போனாரு."

என் பட்டத்தில் துணைவேந்தர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் என்னைப் பார்த்ததேயில்லை. ஓய்வு பெறும்வரை, தப்பாக விடை சொன்ன எந்தப் பிள்ளையையும் நான் பெஞ்சின்மேல் ஏற்றியதில்லை.