கிழக்குப் பார்த்த அடுப்பும் மேற்குச் சுவர் டிவியும்

ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு இருந்த காலமெல்லாம் நான் டிவி பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நிற்பேன். ஹாலில் அப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன, என்ன என்று ஓடினால் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். "முடிஞ்சுபோச்சு அம்மணி," என்பார் என் வீட்டுக்காரர். என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றால், பார்த்தால்தான் சிரிப்பு வரும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் வடவள்ளியில் சொந்த வீடு கட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமைக்கிற இடத்திலிருந்து டிவி தெரிய வேண்டும்.

சுவர் பூசுவதற்கு முன்பே வயர் போகும் பைப்பைப் புதைத்தாக வேண்டும். எலக்ட்ரீஷியனோடு என் வீட்டுக்காரரும் சாக்பீஸும் கையுமாக அறை அறையாக நடந்தார். கேபிள் டிவிக்கு ஹாலிலும் படுக்கையறையிலும் பாயிண்ட். ஃபோனுக்கு எல்லா அறையிலும் பாயிண்ட். ஃபோன்தான் இன்னும் கிடைத்தபாடில்லை. என்றைக்காவது கம்ப்யூட்டர் வாங்கினால் ஆகும் என்று மாடிப்படிக்கு அடியிலும் ஒரு பைப். சமையலறைக்கு மிக்ஸி, கிரைண்டரோடு சரி.

"ஏனுங்க, எனக்கு?" என்றேன்.

"எண்ணெய்ப் பொகைல டிவி வீணாப் போயிருமுங்க," என்றார் எலக்ட்ரீஷியன்.

என் வீட்டுக்காரர் யோசித்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு உடைக்கச் சொன்னார். உடைத்து முடித்ததும் நான் சமையலறைப் பக்கம் நிற்க, அவர் ஹாலின் மேற்குச் சுவரில் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுதா?"

"இன்னுங் கொஞ்சம் மேலீங்க."

"இப்ப?"

"நல்லாத் தெரியுதுங்க."

அங்கே சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டார். எனக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது, போங்கள்.

கிரகப்பிரவேசம் முடிந்து முதல் சாயங்காலம். பால் காய்ச்சிய இடத்திலேயே, முறைப்படி கிழக்குப் பார்த்து, அடுப்பு. தோசைக்கல்லைப் போட்டு நிமிர்ந்தேன். முன்னால் வெள்ளைச் சுவர். திறப்பும் டிவியும் என் முதுகுக்குப் பின்னால். எங்கள் பக்கம் சமைக்கிறவள் கிழக்கே பார்த்துத்தான் நிற்பாள். காலங்காலமாய் நின்று பழகிய நானே, செங்கல்லைப் பார்த்த அன்றைக்கு அதை நினைக்கவில்லை.

ஹாலில் சிரிப்பு. திரும்பினேன். சோப்பு.

அப்படியே சிலிண்டரை உருட்டி, அடுப்பைத் தூக்கி, திறப்புக்குக் கீழே இருந்த மேடையில் வைத்தேன். டிவி பளிச்சென்று தெரிந்தது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சோபாவில் இருந்தபடியே பின்னால் திரும்பினார்.

"ஏன் அம்மணி, மேக்க பாத்தா சமைக்கறே? ஊடு வெளங்குமா?"

"உங்களுக்குச் சோறு கெழக்க இருந்துதானுங்க வருது. பேசாம உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. தட்டோடு எழுந்து வந்து திறப்பில் நின்று, எது கிழக்கு, எது மேற்கு என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் டிவியில் ஒருவன் ஏணியோடு சாய்ந்து சாணிக் குழிக்குள் விழுந்தான். நான் சிரித்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகனும் சிரித்தான். முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

"என்ன, என்ன?" என்று அவர் திரும்பினார். சோப்பு விளம்பரம்.

"முடிஞ்சுபோச்சுங்க," என்று சொல்லி, கருகின தோசையை அவர் தட்டில் வைத்தேன்.