பார்க்க வரும் நாளில் வடை சுடாதீர்கள்

சாப்பாட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை எங்கே வாங்குவது, பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது, பனி தள்ளும் வண்டி ஏன் எங்கள் படிக்கட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை என்று மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் ஆட்கள் என்னைத்தான் கேட்பார்கள். நகரசபையை இங்கே கொம்மூன என்போம். என் நோர்வேஜிய மொழி அப்படியொன்றும் திறமில்லை. வாய்தான் நீளம். தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, கொம்மூனக்காரர் எடுக்கும்வரை நின்று சோறும் வடித்துவிடுவேன்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் தொலைபேசியில் கேட்பதில்லை. கோயிலில் செருப்பு மாட்டும் இடத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "அக்கா, எனக்கில்லை, தெரிஞ்ச ஒராளுக்கு. கொம்மூனவிலை இருந்து வீட்டை வந்து குளிக்க வைக்க உதவி செய்யினமாமே, உண்மையோ?" ஓம், கேட்டால் வருவார்கள் என்று நான் சத்தமாகவே சொல்வேன். கேட்டவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். களவெடுத்த ஆள்போல எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்தக் கேள்வி ஒருநாள் என் வீட்டுக்கே வந்தது. கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பொல்லூன்றி நடந்தார். இடக்கை மட்டும் திரும்பவில்லை. நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் காலைச் சாப்பாட்டு வேலை. இருட்டோடு முதல் ரெயிலைப் பிடிக்க வேண்டும். நான் போனபின் அவர் தனியே குளிக்கப் போய் ஏற்கனவே வழுக்கி விழுந்திருந்தார். காலையில் ஒருவர் வந்து அவரைக் குளிக்க வைத்து உடுப்புப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும், அல்லது ஒருநாள் அவரைக் குளியலறை நிலத்தில் காண வேண்டும். கொம்மூனவிடம் கேட்டேன். நிலைமையைப் பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்றார்கள்.

பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? கணவரின் தங்கை, என் மச்சாள், லோறென்ஸ்கூக்கிலிருந்து வந்து வீட்டைக் கூட்டித் துடைத்தார். நான் வடை சுட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்கிற எல்லாம் செய்தோம். கணவருக்குச் சவரம் செய்து, அழுத்திய சேர்ட்டை மாட்டிவிட்டேன். அவர் இருந்து குளிக்கும் பிளாஸ்டிக் கதிரையை மச்சாள் பல்கனியில் ஒளித்துவைத்தார். அதிகாரி ஒரு இளம் பெண். கணவர் வாசல்வரை போய்க் கைகொடுத்து வரவேற்றார். குளிப்பது எப்படி, உடுப்பது எப்படி என்று அந்தப் பெண் கேட்கக் கேட்க, கணவர் "அல்ட் கோர் ப்ரா" என்றார். எல்லாம் நல்லபடி நடக்கிறதாம். அந்தப் பெண் வடையைப் புகழ்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உதவி தேவையில்லை என்று முடிவு வந்தது. வராமல் என்ன செய்யும்?

"நல்லதாப் போச்சு. நாங்கள் என்ன பிச்சை கேக்கிற ஆக்களோ?" என்றார் கணவர்.

"பிச்சையோ? இத்தனை வருசம் இந்த ஊருக்கு வரி கட்டிப்போட்டுக் கேக்கிறன்."

"சனம் என்ன சொல்லும் மச்சாள்?" என்று கணவரின் தங்கையும் தொடங்கினார். சனம் காலையில் வந்து இவரைக் குளிக்க வைக்கட்டும், பிறகு எதையும் சொல்லட்டும் என்றேன். அன்றே முறையீடு செய்தேன்.

இரண்டாம் முறை அதிகாரி வரும் நாளில் மச்சாளை வர வேண்டாம் என்றுவிட்டேன். படுக்கையை உதறவில்லை. அடுப்பை மூட்டவில்லை. கணவர் சாரமும் பெனியனுமாக இருந்தபடி சேர்ட்டைக் கேட்டார். "அவ வரட்டும், போடலாம்" என்றேன்.

அதே பெண் வந்து கதிரையில் இருந்தார். கணவர் "அல்ட்" என்று வாய் திறந்ததும் சேர்ட்டை அவர் மடியில் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, இதைப் போட்டுக் காட்டுங்கோ. நான் தொடமாட்டன்."

என்னை முறைத்தார். பிறகு வலக்கையால் இடக்கையைத் தூக்கிச் சேர்ட்டுக்குள் விடப் பார்த்தார். கை நழுவி விழுந்தது. திரும்பவும் தூக்கினார். நெற்றி வியர்த்தது. என் கைகள் பரபரத்தன. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து மேலே இருந்துகொண்டேன். அந்தப் பெண் பேனையை மூடிவிட்டார். கடைசியில் சேர்ட் நிலத்தில் விழ, கணவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, தன்னால் முடியாது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் அப்படியொரு சொல்லை நான் கேட்டதில்லை. ஆனாலும் நான் அசையவில்லை.

காலையில் ஆள் வர ஒழுங்கு செய்வதாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போனார். கதவு சாத்தியதும் கணவர் பேசினார்.

"பிறத்தியாருக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்திப் போட்டீர்."

"ஓம், வெக்கப்படுத்தினனான். தேவையெண்டால் இன்னொருக்காலும் செய்வன். நீங்கள் உயிரோடை இருந்து என்னோடை கோவியுங்கோ."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வலக்கையால் இடக்கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து சேர்ட்டை எடுத்தேன்.