லயத்து வாசலில் நின்றுபோன பிரசங்கம்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அப்பா தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்துபோய்ப் பிரசங்கம் செய்யும் உபதேசியார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், எட்டு வயதில் நானும் அவர் பின்னால் மடுல்சீமை மலைகளை ஏறி இறங்கினேன். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள் என்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வேதக்காரப் பிள்ளை என்று தள்ளி நின்று என் கவுனைப் பார்ப்பார்கள். அப்பாவோ வழி நெடுகப் பிரசங்கத்தை முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். எனக்குத் துணை அந்த முணுமுணுப்புத்தான். எல்லாம் மனப்பாடம்.

அப்பா பரலோகத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அட்டைக்கடி, ஒழுகும் கூரை, நனைந்த கம்பளி என்று தொடங்கித்தான் கடவுளிடம் போய்ச் சேருவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். லயத்து வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க மலையில கொழுந்து எடுக்கிறப்ப, லயத்துல ஒங்க புள்ள அழுதா ஒங்க மனசுக்குத் தெரிஞ்சிரும் இல்லையா? ஆண்டவரும் அப்படித்தான்..."

முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"எனக்குத் தெரியலைங்கய்யா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "போன வாரம் எம் புள்ள காய்ச்சல்ல கெடந்து அழுதிருக்கு. நான் மலையில சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னேன். வந்து பாத்தா மூச்சு இல்ல."

அப்பா வேதப்புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். அடுத்த வரியை மறந்துவிட்டார் என்று நினைத்து, அவர் கோட்டை இழுத்து, "ஒரு அழுகையும் வீணாப் போகாதுன்னு சொல்லுங்கப்பா," என்று கிசுகிசுத்தேன். அவர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியலம்மா," என்றார்.

அன்று பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் அழுது முடிக்கும்வரை அப்பா அங்கேயே இருந்தார்.

திரும்பும் வழியில் முணுமுணுப்பு இல்லை. நான் குறுக்கே பேசியதற்குக் கோபமோ என்று பயந்தேன். ஓர் ஓடையைத் தாண்டியதும் நின்றார்.

"நான் ஹாலிஎலப் பக்கம் ஊழியத்துக்குப் போயிருந்தப்பதானே ஒங்க அம்மா செத்துப்போனா. அன்னிக்கு என்னையக் கூப்பிட்டாளா?"

அப்பா என்னிடம் கேள்வி கேட்பதே அபூர்வம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆமாங்கப்பா. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. காத்துல கதவு ஆடினாக்கூட நீங்கதான்னு எந்திரிக்கப் பாத்தாங்க."

ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். கேட்பதை விட்டுவிடுவாரோ என்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். பதுளை வரும்வரை நானே பேசினேன். அவர் என்னை நிறுத்தச் சொல்லவே இல்லை. என் பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.