கிரீம் மிஸ்ஸின் கை

நீச்சல்குளத்தில் அவளுக்குப் பெயர் கிரீம் மிஸ். எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். உடை மாற்றும் அறையில் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டுவது மட்டும் அவளுக்குத் தெரியும். திறந்தவெளிக் குளம்; காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். சன்ஸ்கிரீன் பூசாமல் எந்தக் குழந்தையும் அவள் வகுப்பில் தண்ணீரில் கால் நனைக்க முடியாது. பெற்றவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, பையைத் திறந்து டப்பாவைக் காட்டியாக வேண்டும்.

எஸ்.பி.எஃப் நூறு என்று பெருமையாக நீட்டும் அம்மாக்களை நிற்க வைத்தே பாடம் எடுப்பாள். அந்த எண் தோல் சிவந்து எரிவதைத் தடுக்கிற கணக்கு மட்டும்தான். எரிச்சலே காட்டாமல் ஆழமாக இறங்கித் தோலைக் கெடுக்கிற கதிர் இன்னொன்று உண்டு. அதற்கு டப்பாவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று போட்டிருக்க வேண்டும். முப்பதோ ஐம்பதோ போதும், பூசுவதில் கஞ்சத்தனம்தான் ஆகாது. தண்ணீரில் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் நாற்பது நிமிடமோ எண்பது நிமிடமோதான், பிறகு மறுபடி பூச வேண்டும். ஸ்பிரே கொண்டு வந்தால், பாதி காற்றுக்குத்தான் பூச்சு என்பாள். “நம்ம கறுப்புத் தோலுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்ட ஒரு தகப்பனுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் அந்த மனிதர் இரண்டு டப்பா வாங்கி வந்தார்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். அவள் தன் முகத்துக்கும் கழுத்துக்கும் காது மடலுக்கும் பூசுவாள், கைகளுக்கு மட்டும் பூச மாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஆழமான பக்கத்தில், அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கிரீம் வழுக்கி ஒரு சிறுமியின் மணிக்கட்டு பிடியிலிருந்து நழுவியது. இரண்டு விநாடிதான். மூன்றாவது விநாடியில் தூக்கிவிட்டாள். சிறுமி இருமிவிட்டுச் சிரித்தாள், யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குப் பூசி முடித்ததும் சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை கழுவி, சொரசொரப்பான துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் குளத்தில் இறங்குவாள். பிள்ளைகளின் தோலில் பூசியது கால் மணி நேரத்தில் படிந்துவிடும். தன் கையில் இருப்பதைத்தான் அவள் நம்பவில்லை.

போன வருடம் வலது புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு சின்னப் பொருக்கு வந்தது. குளோரின் என்று நினைத்தாள். ஏழு மாதம் ஆகியும் ஆறவில்லை. பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவைத்து, கணவன் கேட்டபோது நகம் பட்டுவிட்டது என்றாள். பயம்தான், வேறென்ன? அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவன். ஒருநாள் சாப்பிடும்போது பிளாஸ்திரி கழன்று தட்டில் விழுந்தது. அவன் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்; அரை மணி நேரத்தில் இருவரும் மருத்துவமனையில் இருந்தார்கள்.

என்ன கிரீம் போடுகிறீர்கள் என்று தோல் டாக்டரம்மா கேட்டதும், அவள் பழக்கதோஷத்தில் முழுப் பாடத்தையும் ஒப்பித்தாள். என் பிழைப்புக்கே உலை வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று டாக்டர் சிரித்தாள். கைக்கும் போடுவீர்களா என்று அடுத்துக் கேட்டபோது சிரிப்பு நின்றது. அந்த இரண்டு விநாடிகளை அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனும் அப்போதுதான் கேட்டான்.

டாக்டர் மேசையிலிருந்த டியூபை எடுத்து, தன் இடது புறங்கையில் கொஞ்சம் பிதுக்கி, வலது புறங்கையை அதன்மேல் வைத்துத் தேய்த்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் ஒரு துளிகூடப் படவில்லை.

“இப்படிப் போட்டிருக்கலாமேம்மா.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பொங்கியது, டாக்டர்மேல் அல்ல, தன்மேல். பதினோரு வருடமாக இது மூளைக்கு எட்டவில்லையே!

சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. பரவவில்லை, வெட்டி எடுத்தால் போதும் என்றார்கள். ஆனால் கட்டைவிரலை இழுக்கும் தசைநாண் அதற்கு அடியிலேயே ஓடுகிறதாம். பிடி பழையபடி இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் கணவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. பிடி இல்லாத கையோடு அந்தக் குளத்தில் அவளுக்கு என்ன வேலை?

வெட்டி எடுத்து எட்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் கணவனின் கையை வாளித் தண்ணீரில் முக்கச் சொல்லி, ஈர மணிக்கட்டைத் தன் வலது கையால் பிடித்தாள். இழுங்கள் என்றாள்.

“ஏய், விடு விடு, வலிக்குது” என்றான் அவன்.

ஆயிரக்கணக்கான மணிக்கட்டுகளைப் பிடித்தவளிடமா இந்த நடிப்பு? இழுக்கிற கையில் நரம்பு புடைக்கும். அவன் கை தூங்குகிற குழந்தையின் கை போல அவள் பிடிக்குள் கிடந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“நிஜமா இழுங்க.”

இழுத்தான். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

போகப் போகச் சரியாகிவிடும் என்று அவன் மெல்ல ஆரம்பித்தான். பயிற்சி செய்தால் பழைய பலம் வரும் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறாள், அதுவரை ஆழம் குறைந்த பக்கத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்றான்.

“நீயா சொன்னாத்தானே யாருக்காவது தெரியப் போகுது?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ரெண்டு விநாடியும் யாருக்கும் தெரியாமத்தாங்க இருந்துச்சு.”

மறுநாள் முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவள் மேலாளரிடம் போய், தன்னைத் தண்ணீரில் இறங்காத கரை வேலைக்கு மாற்றச் சொன்னாள்.